பனி என்றார்கள், ஐஸ் மழை வந்தது. புயல் என்றார்கள், வெயில் அடித்தது. எந்த மாடலை நம்புவது?

புதுசு:
அமெரிக்காவின் ஓக்லஹோமாவுக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் வானிலை பார்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு விஷயம் புரியவில்லை.

ஜனவரியில் வானிலை ஆப் 8 அங்குலம் பனி என்று காட்டியது. வந்தது முழுக்கச் சின்னச் சின்ன ஐஸ் உருண்டைகள், நடுவில் கொஞ்ச நேரம், பட்ட இடத்தில் உறையும் உறைமழை. அப்புறம் ஏப்ரலில் ஒரு நாள், கேப் (புயலுக்குக் காற்றில் இருக்கும் ஆற்றலின் அளவு) 4000-ஐத் தாண்டுகிறது என்று எல்லோரும் குதித்தார்கள். நானும் நண்பர்களும் புயல் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு மேற்கே போய் இருட்டும்வரை நின்றோம். நீல வானம். ஒரு மேகம்கூட உருப்படியாக எழும்பவில்லை.

மே வரப்போகிறது, மறுபடியும் போக ஆசை. வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களான ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மாடல், எச்ஆர்ஆர்ஆர், இதில் எதை நம்புவது?

டிரைலைன்:
மாடல் சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் இரண்டு ஏமாற்றத்துக்கும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் காரணம். தலைக்கு மேலே ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரத்தில் படுத்திருக்கும் சூடான காற்றடுக்கு. தரையில் நின்று பார்த்தால் அது தெரியாது, ஆப்பிலும் தெரியாது. பலூன் விட்டு எடுக்கும் சவுண்டிங்கில், அதாவது உயரவாரியான வெப்ப, ஈர அளவீட்டில், பளிச்சென்று தெரியும்.

முதலில் ஏப்ரல். மெக்சிகோ பீடபூமியில் சூடாகிக் காய்ந்த காற்று தென்மேற்கிலிருந்து மிதந்து வந்து, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக் காற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. இதைத்தான் மூடி என்கிறோம். கீழேயிருந்து எழும்பும் காற்று அந்த அடுக்கைத் தொட்டதும், சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்ததாகிவிடும். அதற்கு மேல் ஏறாது. கேப் என்பது காற்று ஏறினால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்ற கணக்கு மட்டும்தான். ஏறுமா என்பதை அது சொல்லாது. 700 மில்லிபாரில், அதாவது சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில், 12 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் நான் காருக்குப் பெட்ரோல் போட யோசிப்பேன். இது சட்டம் இல்லை, கைக்கணக்கு. வலுவான முகப்போ (குளிர்காற்றின் முன்விளிம்பு) டிரைலைனோ (வறண்ட காற்றும் ஈரக் காற்றும் சந்திக்கும் கோடு) நன்றாகத் தூக்கிவிட்டால் அதையும் உடைக்கும்.

ஆனால் மூடியே இல்லாத நாளும் நமக்கு உதவாது. மதியத்துக்கு முன்பே கண்ட இடத்தில் மேகம் கிளம்பி, ஒன்றின் குளிர்காற்று இன்னொன்றைக் கெடுத்து, எல்லாம் கூழாகிவிடும். மாலைவரை ஈரத்தையும் சூட்டையும் அடக்கி வைத்திருந்து, 5 மணி வாக்கில் ஓரிரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கும் மூடிதான் தனித்த சூப்பர்செல்லை, அதாவது சுழலும் பெரிய இடிமேகத்தை, தரும்.

புயல் வாய்ப்பு வரைபடத்தின் எச்சரிக்கை வண்ணத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு நான் இரண்டு தேதி சொல்வேன். 1999 மே 3 காலையில் ஓக்லஹோமாவுக்கு இருந்தது 'ஸ்லைட்' (லேசான ஆபத்து) மட்டும். பகலில் படிப்படியாக ஏற்றி மாலை நெருங்கும்போதுதான் 'ஹை' (அதிக ஆபத்து) ஆக்கினார்கள். அன்றுதான் பிரிட்ஜ் கிரீக், மூர் வழியாக எஃப்5, அதாவது உச்ச வலிமை கொண்ட டொர்னேடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) போனது. 2019 மே 20 அன்று நேர்மாறு: முன்கூட்டியே 'ஹை', பல பள்ளிகளுக்கு விடுமுறை. டொர்னேடோக்கள் வந்தன, மேங்கம் பக்கம்கூட ஒன்று. ஆனால் பயந்த அளவுக்கு நெடுந்தூரம் ஓடும் கொடூரமான வரிசை வரவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த வண்ணம் சொல்வது வாய்ப்பைத்தான்.

இனி ஜனவரி. அதே உயரம், அதே மாதிரி அடுக்கு, வேலை மட்டும் வேறு. மேலே பனியாகப் புறப்பட்டது இந்தச் சூட்டுக்குள் நுழைகிறது. அடுக்கின் உச்ச வெப்பம் 1 டிகிரிக்குள் இருந்தால் பனியாகவே தப்பித்துவிடும். 1 முதல் 3 என்றால் அரைகுறையாக உருகி, கீழே இருக்கும் குளிரில் மறுபடி உறைந்து உங்கள் ஐஸ் உருண்டையாகும். 3-ஐத் தாண்டினால் முழுக்கத் தண்ணீர்; அது தரையில், மின்கம்பியில், கண்ணாடியில் பட்ட இடத்தில் உறையும். இரண்டு டிகிரி வித்தியாசத்தில் 8 அங்குலப் பனி, மரம் முறிக்கும் ஐஸ் ஆகிவிடுகிறது. எந்த மாடலும் இரண்டு டிகிரி தவறுவது சகஜம்.

இன்னொன்று. வடக்கிலிருந்து சமவெளியில் சறுக்கி வரும் ஆர்க்டிக் காற்று பல சமயம் சில நூறு மீட்டர் தடிமன்தான். பெரிய மாடல்கள் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும், வரும் நேரத்தையும் தாமதமாகக் காட்டும். வடக்கே கேன்சஸில் முகப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே மணிக்கு ஒருமுறை வெப்பமானிகளைப் பார்த்துக்கொள்வது மேல்.

ரேடார் பிரியன்:
அருமை. ஒன்று சேர்க்கிறேன். ரேடாரில் சிசி என்ற படத்தைப் பாருங்கள். விழுவதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மதிப்பு 1-ஐ ஒட்டி இருக்கும். கலவையாக இருந்தால் இறங்கும். குளிர்காலத்தில் ரேடாரைச் சுற்றி வளையம்போல் மதிப்பு இறங்கினால் அங்கே பனி உருகுகிறது, டிரைலைன் சொன்ன அதே அடுக்கு. அந்த வளையம் வடக்கே நகர்ந்தால் உங்கள் பனி போச்சு. மே மாதத்தில், ரேடாரில் புயல் காட்டும் கொக்கி வடிவத்தின் நுனியில், சுழற்சி இருக்கும் அதே இடத்தில் மதிப்பு சரிந்தால் அது காற்றில் பறக்கும் ஓட்டுத்துண்டும் மரக்கிளையும். டொர்னேடோ தரையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் தூரத்தை மறக்காதீர்கள். ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றையே 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகும். அதற்குக் கீழே நடப்பது படத்தில் வராது.

மண்ரோடு வேண்டாம்:
படம் பார்ப்பதெல்லாம் சரி தம்பி, மேற்கே போய் நிற்பதற்கு முன் 2013 மே 31 எல் ரெனோ டொர்னேடோவைப் பற்றிப் படித்துவிடுங்கள். 4.2 கிலோமீட்டர் அகலம், மழைக்குள் மறைந்திருந்தது. சட்டென்று வேகமும் திசையும் மாறியது. புயல் ஆய்வாளர் டிம் சமாரஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங், மூன்று பேரும் அதில் உயிரிழந்தார்கள். சமாரஸ் விளையாட்டுக்குத் துரத்தியவர் இல்லை. 2003-ல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னேடோவின் பாதையில் கருவி வைத்து 100 மில்லிபார் அழுத்தச் சரிவைப் பதிவு செய்தவர். கவனத்துக்குப் பெயர் போனவர்.

தப்பிக்கத் தெற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி, இரண்டும் தார்ச்சாலை. இல்லையென்றால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். உறைமழையைப் பார்க்கக் கிளம்பவே வேண்டாம், ஜன்னல் போதும்.

புதுசு:
எல்லோருக்கும் நன்றி. ஒரே சந்தேகம்: இங்கே நார்மன் ஊரில் விடும் பலூனின் சவுண்டிங்கைப் பார்த்தால் போதுமா?

டிரைலைன்:
போதாது. நார்மனில் காலை 7 மணிக்கு இருக்கும் அடுக்கு மாலையில் அங்கே இருக்காது, நகர்ந்துவிடும். மாலையில் உங்கள் தலைக்கு மேல் வரப்போவது காலையில் தென்மேற்கே இருக்கிறது. அதனால் டெக்சாஸின் மிட்லண்ட், அமரில்லோ சவுண்டிங்குகளையும் திறந்து 700 மில்லிபார் வெப்பத்தை ஒப்பிடுங்கள். அங்கே இன்னும் சூடு என்றால் பகலில் மூடி இறுகும். பெரிய நாட்களில் மதியம் 1 மணிக்குக் கூடுதல் பலூன் விடுவார்கள்; அது வந்த பிறகு கிளம்பினாலே நேரம் இருக்கும்.