முதல் ஆட்டத்துக்கே அழகர்மலையா?

திருநகர்_நாலுபேர்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி ஆடும் பகடை ஆட்டம் ஆட ஆசை, எங்கள் நாலு பேரில் யாரும் இதுவரை ஆடியதில்லை. மூன்று தடிப் புத்தகம் வாங்க வேண்டும் என்கிறார்கள், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பகடையும் வித்தியாசமாக இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

தெப்பக்குளத்தான்:
எதுவும் வாங்காதீர்கள் தம்பி. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம், 2023-ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே கொடுத்துவிட்டார்கள். பகடைக்கு ஃபோனில் ஆப் போதும். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி நடத்துபவர், மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு கதாபாத்திரம். சுவர் ஏறணுமா, காவலாளியை ஏமாற்றணுமா, இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கு உண்டான எண்ணைக் கூட்டி, மாஸ்டர் வைத்த இலக்கைத் தொட்டால் நடந்தது, அவ்வளவுதான். கதைக்கு நம் மதுரையே இருக்கிறது: சமணர் மலைக் குகை, அழகர்மலைக் காடு, பதினெட்டாம்படிக் கருப்பு காவல் நிற்கும் கதவு.

மாசிவீதி:
அண்ணே, முதல் பாதி சரி, கதை விஷயத்தில்தான் புது ஆட்களைக் கவிழ்க்கிறீர்கள். விதியும் தெரியாமல், கதையையும் சொந்தமாகக் கட்டிக்கொண்டு, எதிரிக்கு எவ்வளவு பலம் கொடுப்பது என்றும் யோசித்தால் மாஸ்டர் முதல் வாரமே ஓடிவிடுவார். ஆட்டம் தொடங்கும் முதல் லெவலில் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு, பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பதுக்குள்தான். ஓநாய் ஒரு கடி நன்றாகக் கடித்தால் ஆள் காலி. புது ஆட்களுக்கென்றே விற்கும் ஸ்டார்ட்டர் செட்டில் இதையெல்லாம் அளந்துதான் வைத்திருக்கிறார்கள், பாத்திரமும் தயாராக இருக்கும்.

தெப்பக்குளத்தான்:
அந்தச் செட்டில் கோப்ளின் வரும். கோப்ளின் என்றால் என்ன என்று மாஸ்டர் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். குட்டிச்சாத்தான் என்று சொல்லிப் பாருங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எண்கள் அதே கோப்ளினுடையவை, பெயர் மட்டும் நம்முடையது.

மாசிவீதி:
அதைச் செய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருப்பை ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் வீட்டுக் குலசாமி அவர். அவருக்கு உயிர்ப்புள்ளி எழுதி, வாளெடுத்து அடிக்க விடுவீர்களா?

தெப்பக்குளத்தான்:
அடிக்கச் சொன்னது யார்? வழக்கென்றால் அந்தக் கதவு முன்னால்தானே ஊர் போய்ச் சத்தியம் செய்கிறது. ஆட்டத்திலும் அதே விதி வையுங்கள்: கதவுக்கு முன் எந்தப் பாத்திரமும் பொய் சொல்ல முடியாது, அதற்குப் பகடையே கிடையாது. திருடன் பாத்திரம் எடுத்தவன் அங்கே என்ன செய்வான், சொல்லுங்கள்.

மாசிவீதி:
ம்ம், அது நல்ல இடம்தான். இருந்தாலும் மூன்றாவது ஆட்டத்துக்கு வையுங்கள். முதல் நாளே குலசாமி வந்தால் பாதிப் பேர் பயபக்தியில் வாயே திறக்க மாட்டார்கள், இந்த ஆட்டமே வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது.

திருநகர்_நாலுபேர்:
சரி அண்ணே, முதல் ஆட்டம் சமணர் மலையில், குட்டிச்சாத்தானோடு. பாத்திரங்களை இணையத்தில் தயாராகவே எடுத்துக்கொள்கிறோம். ஆப் வேண்டாமே, வீட்டுத் தாயக்கட்டையில் உருட்டினால் ஆகாதா?

தெப்பக்குளத்தான்:
கீழடியில் பகடை தோண்டியெடுத்த ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! ஆனால் தாயக்கட்டையில் நாலு முகம்தானே தம்பி, இருபதுக்கு எங்கே போவது? ஆப்பையே போடுங்கள்.