மெயில் அடிக்கும் இடத்திலேயே என்கிரிப்ஷன்: உங்கள் அனுபவம் என்ன?

ஆம்பூர்க்காரன்:
லெதர் ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சதுர அடி ரேட், செலக்‌ஷன் (தோலின் தரப் பிரிவு), ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், பேங்க் விவரம் என்று நம்ம பக்கம் எல்லாமே மெயிலில்தான் போகும். தெரிந்த கம்பெனி ஒன்றில் எவனோ மெயிலுக்குள் புகுந்து, இன்வாய்ஸில் அக்கவுண்ட் நம்பரை மட்டும் மாற்றி பையருக்கு அனுப்பிவிட்டான். போன பணம் போனதுதான். அதைக் கேட்டபிறகு எங்கள் முதலாளி பாய் ஒரே பிடியாக நின்றார்: "ஏதாவது செய்யுப்பா."

மெயிலை உரியவர் மட்டும் திறக்கும்படி பூட்டி அனுப்ப (என்கிரிப்ட் செய்ய) பிஜிபி என்ற சாஃப்ட்வேர் 1991இலேயே வந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை உட்காரவைத்து 90 நிமிடம் கொடுத்தும், மூன்றில் ஒரு பங்கு பேர்தான் ஒரு மெயிலைச் சரியாகக் கையெழுத்திட்டு என்கிரிப்ட் செய்தார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவும் முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, புது சாஃப்ட்வேர்லாம் வேணாம். நான் அடிக்கிற ஜன்னல்லயே ஒரு பட்டன் வச்சுக் குடு, அமுக்குறேன்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆபீஸில் இருப்பது தண்டர்பேர்டு என்ற மெயில் சாஃப்ட்வேர். முன்பு அதில் மெயிலைப் பூட்ட எனிக்மெயில் என்ற ஆட்-ஆனும் தனியாக குனுபிஜி என்ற சாஃப்ட்வேரும் வேண்டும். 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து ஓபன்பிஜிபி (பிஜிபியின் பொது வடிவம்) உள்ளேயே இருக்கிறது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் சாவி ஜோடி (நமக்கு வரும் மெயிலைப் பூட்ட மற்றவருக்குக் கொடுக்கும் பொதுச்சாவி, அதைத் திறக்க நாமே வைத்துக்கொள்ளும் ரகசியச் சாவி) உருவாக்கினால் போதும், மெயில் எழுதும் ஜன்னலில் பட்டன் தயார். கிளாசிக் அவுட்லுக் உள்ள மெஷினுக்கு, இதே வேலைக்கான ஜிபிஜி4வின் போட்டேன். அதிலுள்ள ஜிபிஜிஓஎல் அவுட்லுக்கிலேயே பட்டன் வைத்துவிடும்.

நேரம் பிடித்தது பையரின் பொதுச்சாவியைச் சரிபார்க்கத்தான். ஒரு சாவியை அடையாளம் காட்டும் 'விரல்ரேகை' 40 எழுத்து. அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஓர் அம்மா நாலு நாலு எழுத்தாகப் படிக்கப் படிக்க, இவர் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். 'பி'யா 'டி'யா என்று குழம்பிய இடத்தில் "பாம்பே பி, டெல்லி டி" என்று கேட்டு உறுதி செய்தார். தயவுசெய்து இதை மட்டும் தாண்டாதீர்கள். மெயிலுக்குள் புகுந்தவன் தன் சாவியையே பையர் பெயரில் அனுப்பலாம். போன் நம்பரையும் அந்த மெயிலிலிருந்து எடுக்கக் கூடாது, பழைய விசிட்டிங் கார்டிலிருந்து எடுங்கள்.

இன்னொன்று. என்கிரிப்ட் செய்தால் ரேட்டை மற்றவர் பார்க்க முடியாது, அவ்வளவுதான். நமது பொதுச்சாவி கிடைத்த யாரும் நமக்குப் பூட்டிய மெயில் அனுப்பலாம். இன்வாய்ஸ் நாம் அனுப்பியதுதானா என்பதற்கு டிஜிட்டல் கையெழுத்துதான் சாட்சி. இரண்டு டிக்கையும் போடுங்கள்.

காந்தி ரோடு, வேலூர்:
அண்ணே, எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஊரிலுள்ள டாக்டருக்கு அனுப்பச் சொல்வார்கள். அவர்களிடம் சாவி, விரல்ரேகை என்று பேச முடியாது. அதனால் ஃபைலைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் சாஃப்ட்வேரில் 7இசட் ஃபார்மட், ஏஇஎஸ்-256 என்ற பூட்டு முறை, நோயாளியே அடிக்கும் பாஸ்வேர்டு. ஃபைல் பெயரையும் மறைக்கும் டிக்கை மறக்காமல் போடுவேன். இல்லாவிட்டால் நோயாளி பெயர் வெளியிலேயே தெரியும். பாஸ்வேர்டை அவர்களே ஊருக்குப் போனில் சொல்லிவிடுவார்கள், மெயிலில் எழுத விடமாட்டேன்.

ராணிப்பேட்டை:
ரகசியச் சாவியை பென்டிரைவில் எடுத்து பீரோவில் பூட்டினீர்களா? எங்கள் ஆபீஸில் ஹார்ட் டிஸ்க் போனபோது, பழைய என்கிரிப்ட் மெயில் எல்லாம் சர்வரில் பத்திரமாகவே இருந்தது. திறக்கத்தான் வழியில்லை.

ஆம்பூர்க்காரன்:
எடுத்தாச்சு, பாஸ்வேர்டு போட்டு இரண்டு காப்பி. ஒன்று பாயின் வீட்டில் இருக்கிறது. தண்டர்பேர்டு தானாகச் சாவிக்கு மூன்று வருடக் கெடு வைக்கிறது, அந்தத் தேதியையும் அக்கா காலண்டரில் குறித்துவிட்டார்.