புதுப்பிப்பு: ஹனகாபியாய் அருவிக்குப் போய் வந்தோம்

ஹவாயின் கவாய் தீவிலுள்ள ஹனகாபியாய் அருவிக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நானும் கணவரும் போய் வந்துவிட்டோம். கேஎ கடற்கரையிலிருந்து போகவர சுமார் 13 கிலோமீட்டர். பாதி வழியில் வரும் ஹனகாபியாய் கடற்கரை வரை ஏற்ற இறக்கம் இருந்தாலும் பாதை தெளிவு. அங்கே ஓடையைத் தாண்டிய பிறகுதான் வேலையே: சேறு, வழுக்குப் பாறை, அப்புறம் மறுபடியும் ஓடை. அவர் ஒவ்வொரு முறையும் ஷூவைக் கழற்றி மாட்டினார். நான் நனைந்த ஷூவோடு நடந்தேன், அதுதான் சரி. அருவி ஏறத்தாழ 300 அடி. தண்ணீரில் கால் வைத்ததும் பல் கிட்டிவிட்டது. மேலிருந்து கல் விழும் என்பதால் நேர் கீழே போகவில்லை.

போகிறவர்களுக்கு: ஹவாய்க்கு வெளியிலிருந்து வருகிறவர்கள், பாதை தொடங்கும் ஹாயெனா பூங்காவுக்கு முன்பதிவு செய்தே ஆக வேண்டும். மலையில் மழை தெரிந்தால் ஓடையில் இறங்காதீர்கள், வெள்ளம் மளமளவென்று ஏறிவிடும்.