புதுப்பிப்பு: சோடியம் வனேடியம் பாஸ்பேட் கேத்தோடு, 5சி-யில் கொள்ளளவு சரிவு (தீர்ந்தது)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சோடியம் அயனி பேட்டரிக்கான எங்கள் கேத்தோடு (நேர்மின்முனை) 0.1சி வேகத்தில் (10 மணி நேரத்தில் முழுதும் இறங்கும் வேகம்) ஒழுங்காக இருந்தது; 5சி-யில் (12 நிமிடத்தில் இறங்கும் வேகம்) அதன் கொள்ளளவு பாதிக்கும் கீழே விழுந்தது.

பலித்தது, பதில்களில் வந்த சிட்ரிக் அமில யோசனை. முன்பு தூள் தயாரான பிறகே கார்பன் பிளாக் கலந்தோம். அது துகளின் மேல் படலமாகப் படிவதில்லை. சுடும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தும்விடுகின்றன. இப்போது சிட்ரிக் அமிலம் முதல் கரைசலிலேயே சேர்கிறது; சுடும்போது அது கருகி, துகள்களின் மேல் கார்பன் படலமாகிறது, அவை பெருக்காமலும் தடுக்கிறது. ஆர்கானில் 350 டிகிரி செல்சியஸ், 4 மணி நேரம்; ஆறவிட்டு நன்றாக அரைத்து, மறுபடி ஆர்கானில் 750 டிகிரி, 8 மணி நேரம். இடையில் அரைப்பதை விட்டுவிடாதீர்கள். துகள் சிறிதாக இருப்பது முக்கியம்: அதற்குள் சோடியம் அயனி பரவும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். துகள் பாதியானால் நேரம் கால்வாசி. கார்பன் 5 சதவீதம் அளவில் போதும், கூடினால் மின்முனையின் அடர்த்திதான் குறையும்.

5சி-யில் இப்போது கிராமுக்கு 100 மில்லிஆம்பியர்-மணியை ஒட்டி வருகிறது (கோட்பாட்டு அளவு 117.6).

எதிர்பாராதது ஒன்று. பழைய சரிவில் கணிசமான பங்கு கேத்தோடுடையதே அல்ல, எதிரே இருந்த சோடியம் உலோகத்தின் மேற்படலத் தடை. பாதி சார்ஜ் ஏற்றிய ஒரே மாதிரியான இரண்டு கேத்தோடுகளை எதிரெதிரே வைத்து மின்மறுப்பு அளந்தோம். சோடியம் உலோகம் இருந்தபோது மின்மறுப்பு வரைபடத்தில் தெரிந்த பெரிய அரைவட்டம் (அதன் அகலம்தான் தடையின் அளவு) சுருங்கிவிட்டது. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். சோடியம் உலோகத்தை எதிரே வைத்து வேகச் சோதனை செய்பவர்கள் மூன்று மின்முனை செல்லில் (கேத்தோடின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க மூன்றாவது மின்முனை உள்ளது) ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பதில்களில் வந்த இன்னொரு யோசனை, கேத்தோடு பொருளில் மெக்னீசியம் கலப்பது, தேவைப்படவில்லை.