பாமினியில் கிடக்கும் கள ஆய்வுக் குறிப்புகள்: ஆசிரியர்களே மாற்ற எப்படிப் பழக்குவது?

கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்:
பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு தமிழ்த்துறை. மூத்த ஆசிரியர்கள் மூவரின் குறிப்புகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகளாக 60 இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். யூனிகோடில், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், மலையாளப் பேட்டிகளும் உண்டு. எதைத் தேடினாலும் பாதி அகப்படுவதில்லை. கை வைத்தால் அழிந்துவிடுமோ என்று பயந்து டிடிபி கடைக்கே அனுப்புகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

வாளையார்:
முதலில் பயத்தைப் போக்குங்கள். கோப்புறையை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பென்டிரைவில் போட்டுப் பூட்டி வைக்கட்டும். ஆசிரியர் கையாலேயே செய்ய வேண்டும். மூலம் பத்திரம் என்று தெரிந்தால்தான் விரல் துணியும்.

பாமினி கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள் ஆங்கில எழுத்து. அதனால்தான் தேடலில் சிக்குவதில்லை. முழுக் கோப்பையும் அப்படியே மாற்றியில் (பாமினியை யூனிகோடாக்கும் மென்பொருள்) கொட்டாதீர்கள். ஆங்கில நூற்பெயர்கள் தமிழ்க் குப்பையாகிவிடும். ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளியெல்லாம் 'இ' ஆகிவிடும், ஏனென்றால் பாமினியில் அந்த விசைதான் 'இ'. வேர்டின் அட்வான்ஸ்டு ஃபைண்டில் தேடுசொல்லைக் காலியாக விட்டு, ஃபார்மட், ஃபான்ட் போய்ப் பாமினியைத் தேர்ந்தெடுங்கள். ஃபைண்ட் நெக்ஸ்ட் அழுத்த அழுத்தப் பாமினித் துண்டுகள் மட்டும் சிக்கும். ஒவ்வொன்றையும் மாற்றியில் போட்டு, மாற்றியதை அதே இடத்தில் ஒட்டி, எழுத்துருவை நிர்மலா என்ற யூனிகோடு எழுத்துரு ஆக்கிவிட்டால் அந்தத் துண்டு மறுபடி வராது. எங்கே நிறுத்தினோம் என்ற குழப்பமும் இல்லை.

கஞ்சிக்கோடு:
மலையாளத்தில் சிக்கல் வேறு, அது சில்லு, அதாவது உயிர் சேராமல் தனி வடிவில் நிற்கும் மெய்யெழுத்து. 2008இல் வந்த யூனிகோடு 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என மூன்றாகச் சேர்த்து அடித்தார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், தேடலுக்கு வேறு வேறு. ண், ன், ர், ல், ள் ஐந்துக்கும் பழைய வடிவைக் கோப்பிலிருந்தே நகலெடுத்து ரீப்ளேஸில் தேடுசொல்லாக ஒட்டி, புதிய வடிவுக்கு மாற்றுங்கள். தட்டச்சு செய்தால் இணைப்பி விட்டுப்போகும்.

தமிழிலும் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியே கிடந்தால் இதே கதை. யூனிகோடு சீராக்கம் (நார்மலைசேஷன்) அதை ஒட்டவைத்துவிடும், ஆனால் சில்லைத் தொடாது.

கொழிஞ்சாம்பாறை ஆய்வாளர்:
நன்றிங்க. மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா?

வாளையார்:
வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாள் 40 நிமிடம், அவருடைய கோப்பு, மவுஸ் அவர் கையில். தயங்கினால் பிடுங்காதீர்கள், காத்திருங்கள். நாம் பிடுங்கினால் மறுநாள் கோப்பு கடைக்குப் போய்விடும். இரண்டாம் கோப்பை அவர் தனியே செய்யட்டும்.

பிறகு ஒரு பக்கம் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவோடு கொடுங்கள். காலுக்குப் பதில் 'ர', 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் விழுந்திருப்பதை எந்த மென்பொருளைவிடவும் அவர்கள் கண் முந்திப் பிடிக்கும். அந்தப் பிழைகளை அவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள். மீதிக் கோப்புகளில் எதைத் தேடி மாற்றுவது என்பதற்கு அந்தப் பட்டியலே போதும்.