பழைய ராணுவ லாரியில் கூலன்ட் கசிவு, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது எம்35ஏ2 என்ற அமெரிக்க ராணுவ லாரி, 6 சிலிண்டர் மல்டிஃபியூல் (பலவகை எரிபொருளில் ஓடும்) இன்ஜின். ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்கம் அடியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சொட்டிக் கையகல ஈரம். இன்ஜின் சூடேறியதும் சொட்டு நின்றுவிடுகிறது, அதுதான் குழப்பம். ஹோஸ் கிளாம்ப் எல்லாம் இறுக்கிப் பார்த்தேன். வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சின்னத் துளையில் கூலன்ட்டின் பச்சைக் கறை காய்ந்திருக்கிறது, ஆனால் மேலே தெர்மோஸ்டாட் பக்கமிருந்து வழிந்ததாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது, பால் நிறம் இல்லை, அதாவது கூலன்ட் ஆயிலில் கலந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு நிம்மதி.

பம்பைக் கழற்றுமுன் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பிரஷர் டெஸ்டர் (அழுத்தம் ஏற்றிக் கசிவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கலாமா, இல்லை கூலன்ட்டில் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் தேடுவதா? இந்த இன்ஜினில் கைவைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த வண்டியை ஓரம்கட்ட மனமே வரவில்லை.