கொலையாளி யாரெனத் தெரிந்த பிறகும் மர்மம் எங்கே எஞ்சுகிறது? கெய்கோ ஹிகாஷினோவின் நாவல்கள் குறித்து ஒரு கேள்வி

இரவு வாசகி கேட்கிறார்:

கெய்கோ ஹிகாஷினோவின் ‘சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் சென்ற வாரம் படித்து முடித்தேன். தோக்கியோவில் பெந்தோ உணவுக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் யாசுகோவும் அவளுடைய மகளும், வீடு தேடி வந்து தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனைக் கழுத்தை நெரித்துக் கொல்வதும், பக்கத்து வீட்டில் தனியே வாழும் கணித ஆசிரியர் இஷிகாமி அந்தக் கொலையை மறைத்துத் தர முன்வருவதும் தொடக்கப் பக்கங்களிலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகின்றன. கொன்றது யார், எப்படி, எதற்காக என்று மூன்றும் தெரிந்துவிட்ட பிறகும், கடைசிப் பகுதியை எட்டியபோது நான் ஏமாந்திருந்தேன். ஆசிரியர் எங்காவது பொய் சொல்லியிருப்பார் என்ற ஐயத்தில் திரும்பிப் போய்த் தேடினேன். ஒரு பொய்யும் அகப்படவில்லை.

அப்படியானால் அவர் எதை, எங்கே மறைத்தார்? அவருடைய மற்ற நாவல்களும் இதே போன்றவைதாமா? அடுத்து எதைப் படிக்கலாம்? இன்னும் வாசிக்காதவர்களை எண்ணி, முடிவை வெளிப்படுத்தாமல் பதில் தருமாறு வேண்டுகிறேன்.

கணக்கு வாத்தியார்:

அம்மா, மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடையை நாவலே வெளிப்படையாகச் சொல்கிறது. இஷிகாமி தேர்வுத்தாள் தயாரிக்கும் முறையைப் பற்றி ஓரிடத்தில் பேசுகிறார்: வடிவியல் கணக்கைப் போலத் தோன்றும், ஆனால் உண்மையில் அது சார்புகளைப் பற்றிய கணக்கு. மனப்பாட வழிமுறையோடு வரும் மாணவன் வடிவியல் என்று நம்பி இறங்கி, நேரம் தீரும்வரை அதிலேயே உழல்வான். அந்த வினாத்தாளில் பிழையான வரி ஒன்றுமில்லை. மாணவன்தான் கேட்கப்படாத கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறான். துப்பறியும் கதைகளில் விடை ஒளித்து வைக்கப்படுவதே வழக்கம். ஹிகாஷினோ கேள்வியையே ஒளித்து வைக்கிறார். அதனால்தான் திரும்பிப் போய்த் தேடிய உங்களுக்குப் பொய் எதுவும் அகப்படவில்லை.

இஷிகாமியும், அவரோடு பல்கலைக்கழகத்தில் பயின்ற இயற்பியலாளர் யுகாவாவும் பேசிக்கொள்ளும் இடங்கள் எனக்கு மிக நெருக்கமானவை. ஒரு கணக்குக்குத் தானே விடை காண்பதும், பிறர் தந்த விடை சரிதானா என்று சோதிப்பதும் ஆகிய இரண்டில் எது கடினம் என்ற வினா அவர்களிடையே எழுகிறது. எந்த வரைபடத்தையும், எல்லையைப் பகிரும் பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி நான்கே வண்ணங்களால் தீட்டிவிடலாம் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்துக்கு 1976இல் கணினியின் துணையோடு நிறுவல் கிடைத்துவிட்டது என்றாலும், அதில் அழகில்லை என்று வருந்தும் மனிதர் இஷிகாமி. குற்றத்தை மறைக்கும்போதும் அவர் அந்த அழகைத்தான் தேடுகிறார். இத்தகைய மனத்தை உள்ளிருந்து எழுத ஹிகாஷினோவால் முடிந்ததில் எனக்கு வியப்பில்லை. 1958இல் ஒசாகாவில் பிறந்த அவர் மின்பொறியியல் படித்து, வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்தபடியே எழுதி, 1985இல் மர்மக் கதைகளுக்கான எதோகாவா ராம்போ பரிசு பெற்ற பிறகே வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

ஒரு வேண்டுகோள்: தொடக்கத்தில் இஷிகாமி சுமிதா ஆற்றங்கரையோரமாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் பகுதியை மறுபடி நிதானமாகப் படியுங்கள். வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

பழைய புத்தகக்காரன்:

வாத்தியார் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. இந்த நாவலுக்கு 2006இல், ஜப்பானில் வெகுசன இலக்கியத்துக்கு வழங்கப்படும் நவோகி பரிசு கிடைத்தது. தூய புதிர்க்கதைகளுக்கான ஹொன்காக்கு பரிசும் அதே ஆண்டில் கிடைத்தது. அதையொட்டி ஜப்பானிய மர்ம எழுத்தாளர்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. கொடுக்கப்பட்ட துப்புகளை மட்டும் வைத்து வாசகர் உண்மையை ஐயமற நிறுவ இயலாது. ஆகவே இது ஹொன்காக்கு வகையைச் சேராது என்று நிகாய்தோ ரெய்தோ வாதிட்டார். ஊகிக்க முடிவது வேறு, நிறுவ முடிவது வேறு என்பதால் அவர் பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. இத்தனை பெரிய தியாகத்துக்கு உரியவளான யாசுகோ எவ்வகைப் பெண் என்பது புத்தகத்தை மூடும்போதும் எனக்குத் தெளிவாகவில்லை. இஷிகாமியின் பார்வையில் அவளைக் காண்கிறோமே தவிர, அவளாக அவளைக் காண்பது குறைவு. 2023இல் வெளிவந்த ‘ஜானே ஜான்’ என்ற இந்தித் திரைப்படம் கதையைக் கலிம்போங் மலைநகருக்குக் கொண்டு சென்றபோது, அந்தத் தாய்க்குச் சற்றுக் கூடுதல் இடம் தந்தது. அதை நான் வரவேற்றேன்.

ஆற்றோரம்:

அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்விக்கு என் பரிந்துரை 1996இல் ஜப்பானிய மொழியில் வெளியான ‘வன்மம்’. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் தம் வீட்டில் கொல்லப்படுகிறார். கொன்றவர் புத்தகத்தின் பாதியைத் தாண்டுவதற்குள் பிடிபட்டு ஒப்புக்கொண்டும் விடுகிறார். எஞ்சிய பக்கங்கள் முழுவதும் ஏன் என்ற ஒரே கேள்வியைத்தான் துப்பறிவாளர் காகா விடாமல் துரத்துகிறார். ஒருவர் எழுதித் தந்த வாக்குமூலத்தை நாம் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறோம் என்று அந்தப் புத்தகம் காட்டியதைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

அதே காகா வரும் ‘புதியவர்’ மென்மையானது. தோக்கியோவின் பழைய நிஹொன்பாஷி வட்டாரத்தில் அரிசித் தட்டை விற்கும் கடை, பீங்கான் கடை, கடிகாரக் கடை என்று ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொரு வாசலில் நிற்கிறது. கொலையின் புலனாய்வுக்கிடையே அந்தக் குடும்பங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று மறைத்து வைத்திருக்கும் சின்னஞ்சிறு மனத்தாங்கல்களையும் காகா அவிழ்த்துவிடுகிறார்.

‘வெள்ளிரவுப் பயணம்’ நாவலைச் சற்றுக் காலம் கழித்துத் தொடங்குங்கள். 1973இல் ஒசாகாவில் ஓர் அடகுக் கடைக்காரர் கொல்லப்படுவதில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கடக்கும் அக்கதையில், மையமான இருவரின் மனத்துக்குள் ஆசிரியர் ஒருமுறைகூட நுழைவதில்லை. அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் கண்டதை மட்டுமே நாமும் காண்கிறோம். கொலை வழக்குகளுக்கு அந்நாளில் ஜப்பானில் 15 ஆண்டு காலவரம்பு இருந்தது. அது கடந்த பிறகும் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் அந்த இருவரையும் விட்டுவிட மறுக்கிறார்.

இரவு வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன பகுதியை நேற்றிரவு படித்தேன். ஆற்றங்கரையில் இருப்பவர்களையும் அவர்களுடைய அன்றாட ஒழுங்கையும் இஷிகாமி ஒவ்வொருவராகக் கவனித்துக்கொண்டே நடக்கிறார். முதல் வாசிப்பில் அதை வெறும் காட்சி வருணனை என்று எண்ணிக் கடந்திருந்தேன். ‘வன்மம்’ நூலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை எடுத்துவரப் போகிறேன்.